கடலைக் கொல்லையில் ஓர் அரண்மனை

மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். கீழே நின்று பார்க்கும்போது வரப்பும் முள்வேலியும் குப்பைமேடுமாகக் கிடக்கிற ஊர், ஆகாயத்திலிருந்து பார்த்தால் யாரோ அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததைப் போலிருக்கும். வானிலிருந்து எடுத்த படங்களைத் தொல்லியல் அறிஞர்கள் கொண்டாடுவது இதனால்தான். அறிஞர் அல்லாத ஒருத்தி அந்தப் படங்களோடு தனியே விடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கடலைக் கொல்லை இன்றும் சாட்சியாக இருக்கிறது. அந்த ஒருத்தி நான்.

பெரம்பலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். நிறையப் படிப்பவள் என்றும் நிதானமானவள் என்றும் எனக்குப் பெயர் உண்டு. முதலாவது எப்போதும் உண்மை. இரண்டாவது, இங்கே சொல்லப்போகும் ஐப்பசி மாதத்துக்குப் பிறகு உண்மையாயிற்று.

அப்போது எனக்குத் திருமணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. என் கணவர் அரியலூரில், சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அவருடைய வீட்டாரில் மற்ற அனைவரும் விவசாயிகள். அவர்கள் மண்ணில் வேலை செய்தார்கள். நான் மண்ணைப் பற்றிப் பேசினேன். கணவரின் அக்கா செண்பகம் அண்ணிதான் முதல் நாளிலிருந்தே என்னிடம் ஒட்டிக்கொண்டவர். "ஹிஸ்டரின்னா என்னம்மா வேலை?" என்று ஒருமுறை கேட்டார்.

"பழைய காலத்துல யார் யார் என்ன செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்கிறதுங்கண்ணி."

"அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? எங்க தெருவுல சும்மாவே செய்யறாங்களே" என்றார்.

கேலி செய்யவில்லை. உண்மையாகவே வியந்தார். கேலியாக இருந்திருந்தால் நான் மறந்திருப்பேன். இந்த அண்ணியின் கண்முன்னே என் படிப்பு ஏதாவது ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்ற ஆசை அன்று எனக்குள் விழுந்தது. ஆண்டுதோறும் மாணவிகளை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போவேன். ஆனால் அது எல்லோரும் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்ட கோட்டை. எனக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது. (வேண்டியது கிடைக்கும் வரைக்கும் மனிதர்கள் ஓரளவு அறிவோடுதான் இருக்கிறார்கள்.)

அந்த ஆண்டு செண்பகம் அண்ணியும் அவருடைய கணவர் மதியழகன் அண்ணனும் மீன்சுருட்டிக்குப் பக்கத்தில், தங்கள் கொல்லையை ஒட்டியே ஒரு மாடி வீடு கட்டிப் புதுமனை புகுவிழா நடத்தினார்கள். படம் எடுக்க ஜெயங்கொண்டத்திலிருந்து பாஸ்கர் என்கிற புகைப்படக்காரர் வந்தார். அவரிடம் ஒரு ட்ரோன் இருந்தது. எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் காதுகுத்துக்குக்கூட ட்ரோன் பறக்கிறது. மொட்டையடித்த குழந்தையின் உச்சந்தலையை நேர் மேலேயிருந்து பார்க்காவிட்டால் சொந்தக்காரர்களுக்கு மனம் ஆறுவதில்லை.

சில வாரங்கள் கழித்து விழாவின் வீடியோ வந்து சேர்ந்தது. குடும்பம் முழுவதும் புது வீட்டின் கூடத்தில் டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தது. பாராட்டு வாங்குவதற்காகப் பாஸ்கரும் ஓர் ஓரமாக நின்றிருந்தார். திரையில் ட்ரோன் மாடியிலிருந்து எழுந்தது, சாமியானாவைச் சுற்றியது, திரும்பும் வழியில், ஒரு பெருமூச்சு விடும் நேரத்துக்கு, வீட்டை ஒட்டிய கடலைக் கொல்லையின் மேல் சாய்ந்து பறந்தது.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால போங்க" என்றேன்.

"யாரும்மா வர்றாங்க?" என்று அண்ணி திரையை உற்றுப் பார்த்தார்.

"யாரும் வரலைங்கண்ணி. கொல்லை வருது."

"அது தெனமும் அங்கதான் இருக்குது."

பாஸ்கர் படத்தை நிறுத்தினார். பச்சைக் கடலைச் செடிகளுக்கு நடுவே, அதைவிட அடர்ந்த பச்சையில் செவ்வகங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் ஒரே அளவு. அவற்றுக்கு இடையே வெளிறிய மஞ்சளில் நேர்கோடுகள். ஒவ்வொரு செவ்வகத்தின் மூலையிலும் கரும்பச்சையில் ஒரு சிறு வட்டம். என் கையிலிருந்த கேசரித் தட்டு சரிந்ததை நான் கவனிக்கவில்லை. அது விழுந்த மடிக்கு உரியவரான என் கணவர் கவனித்தார்.

வானிலிருந்து பழைய இடங்களைக் கண்டுபிடிக்கும் கலையைப் பற்றி நான் கல்லூரி நூலகத்தில் படித்திருந்தேன். அதன் அடிப்படை மிக எளிது. மண்ணுக்கடியில் பழைய சுவர் புதைந்திருந்தால், அதன் மேல் வளரும் பயிருக்கு வேர் இறங்க வழியில்லாமல் வெளிறிவிடும். பழைய அகழியோ குழியோ மூடிக் கிடந்தால், அங்கே மண் ஆழமாக இருப்பதால் பயிர் செழிக்கும். தரையில் நிற்பவருக்கு இது தெரியாது, பறவைக்குத் தெரியும். வெளிறிய கோடு சுவர். செழித்த கட்டம் அறை. அப்படியானால் அந்தக் கடலைக் கொல்லைக்கு அடியில் கிடப்பது என்ன?

கங்கைகொண்ட சோழபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த வட்டாரத்தில் கிணறு வெட்டினால் தண்ணீர் வரும் முன்பே பழைய செங்கல் வரும். என் மனம் ஒரு கணமும் தயங்காமல் அரண்மனை என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம், மனம் சொன்னதற்கு மூளையைக் கையெழுத்துப் போட வைத்ததுதான்.

அடுத்த வாரமே பாஸ்கரை மறுபடி வரவழைத்தேன். கொல்லையை நேர் மேலேயிருந்து, அசையாமல், ஒரே உயரத்தில் எடுக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"நேர் கீழா எடுத்தா ஃபீல் வராதுங்க மேடம்" என்றார் பாஸ்கர். "லேசா சுத்தி வந்து, சூரியனைப் பின்னால வெச்சு…"

"ஃபீல் வேண்டாங்க. கோடு தெரிஞ்சாப் போதும்."

அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் தொழில் பழக்கம் கையை விடவில்லை. அவர் அனுப்பிய வீடியோவில் கொல்லையின் மேல் ரோஜா இதழ்கள் மெதுவாகப் பொழிந்தன. தொடக்கத்தில் ஒரு பக்கம் 'கயல்விழி' என்று என் பெயர், மறுபக்கம் 'அரண்மனை', நடுவே ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஆராய்ச்சி முறைப்படி நிலத்தின் உரிமையாளரிடமும் விசாரித்தேன். மதியழகன் அண்ணன் மோட்டார் கொட்டகையின் வாசலில் உட்கார்ந்து, நேர்முகத் தேர்வுக்கு வந்தவரைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார்.

"இந்தக் கொல்லையில முன்னாடி ஏதாவது கட்டடம் இருந்துச்சாண்ணே?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க தங்கச்சி."

"உங்கப்பா காலத்துல?"

"அவரு காலத்துல முள்ளுக்காடு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் எங்கீங்க இருந்தேன்?"

'மனித நினைவுக்கு எட்டாத தொன்மை' என்று நான் எழுதிக்கொண்டேன்.

பிறகு உட்கார்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். வடக்கு வரிசை அந்தப்புரம். நடுவே கருவூலம். தென்கிழக்கு மூலையில் மடைப்பள்ளி. மூலைக்கு மூலை இருந்த சிறு வட்டங்கள் என்னைச் சற்று நேரம் திணறடித்தன. பிறகு அவை குளியல் தொட்டிகள் என்று விளங்கிவிட்டது. அறைக்கு ஒரு குளியல் தொட்டி. சோழர் காலத்துச் சுகாதார உணர்வைப் பற்றி அதில் ஒரு பத்தி உண்டு. அதை இப்போது படித்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

என் கணவர் லாரியைப் பிரித்துப் பிரித்துப் பழகியவர். எதைப் பார்த்தாலும் எங்கே இடிக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ராஜா ரூம், வேலைக்காரன் ரூம் எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கே. லாட்ஜு மாதிரி இருக்கு" என்றார்.

"சமத்துவம்" என்றேன்.

"வாசப்படி எங்கயும் காணோமே."

"மரத்துல செஞ்சிருப்பாங்க. மக்கிப் போயிருக்கும்."

"அப்ப சரி" என்று படத்தைத் திருப்பித் தந்தார். அந்த 'அப்ப சரி'யில் இருந்த கருணையை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தேன்.

குடும்பத்தில் மற்றவர்கள் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை. செண்பகம் அண்ணிக்கு மடைப்பள்ளி எது என்று தெரிய வேண்டியிருந்தது. காட்டினேன். "நம்ம வூட்டு அடுப்படிக்கு நேரா வருதே" என்று பூரித்துப் போனார். மதியழகன் அண்ணன், கருவூலம் தம் போர்வெல்லுக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அன்று மாலை அவர் அந்தத் திசையில் காலாற நடந்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

தொல்லியல் அலுவலர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். (ரோஜா இதழ்கள் இல்லாத படங்கள்தான்.) படம் தெளிவாக இருப்பதாகவும் நேரில் வந்து பார்ப்பதாகவும் அவர் சொன்னார். ஆனால் அடுத்த வாரம்தான் வர முடியுமாம்.

இங்கேதான் கதை விளையாட்டாக இல்லாமல் போயிற்று. ஏனென்றால் கடலை அடுத்த வாரம் வரை காத்திருக்கும் நிலையில் இல்லை.

அண்ணி என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, ஒரு காயை உடைத்துத் தோலின் உட்புறத்தைக் காட்டினார். அது கறுத்திருந்தது. "முத்திடுச்சு கயலு. நாளைக்குப் பிடுங்க ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு."

"பிடுங்கிட்டா எல்லாம் போயிடும் அண்ணி. அந்தக் கோடு செடியிலதான் தெரியுது. அவர் வந்து ஒரு தடவை பாத்துட்டா போதும்."

"பிடுங்காம விட்டு மழை வந்துச்சுன்னா காய் போயிடும். மண்ணுக்குள்ளயே முளைச்சிடும். அப்புறம் பிடுங்குனா செடி மட்டுந்தான் கையில வரும்."

ஆடியில் விதைத்து, களையெடுத்து, அணில் விரட்டி வளர்த்த பயிர். புது வீட்டுக்கு ஆன செலவுக்குப் பிறகு அந்த வீட்டார் நம்பியிருந்தது அதைத்தான். நான் அதை அறியாதவள் இல்லை. அறிந்தும், அரண்மனையின் பக்கம் நின்றுகொண்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். என் முகத்தில் அப்போது என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. அண்ணி உடைத்த காயை வாயில் போட்டு மென்றார்.

"அடியில இருக்கறது நெசந்தானே?"

"நெசம் அண்ணி."

"அப்ப இருக்கட்டும். நீ படிச்சவ. சும்மா சொல்ல மாட்டே" என்றார். பிறகு மேற்கே பார்த்து, "மேகம்தான் என்ன சொல்லுதோ" என்றார்.

கூலிக்கு வரவிருந்த பெண்கள் கூட்டம் மறுநாள் திருமானூர்ப் பக்கம் நடவுக்குப் போய்விட்டது. திரும்பி வரப் பத்து நாளாகும் என்றார்கள். நான் பெரம்பலூருக்குத் திரும்பி, வகுப்பில் ஆட்சி முறை நடத்திக்கொண்டே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவில் தகரத்தில் ஏதாவது சொட்டினால் எழுந்து உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுவதும் மழை வரவில்லை. வருவது போலவே இருந்தது.

அலுவலர் வரும் நாளன்று காலையில் நானும் கணவரும் மீன்சுருட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, என்னை நானே வரவேற்றுக்கொண்டிருந்தேன். சாலையோரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஃபிளெக்ஸ் பேனர். 'சோழர் அரண்மனையைக் கண்டெடுத்த எங்கள் குடும்பத்தின் அறிவுச்சுடரே வருக வருக!' அதில் நான் கல்யாணப் புடவையில், கழுத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றிருந்த என் கணவரை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அவருடைய ஒரு கை மட்டும் என் தோளருகில் மிச்சமிருந்தது.

"என் கை நல்லா விழுந்திருக்கு" என்றார் என் கணவர்.

பேனர் மதியழகன் அண்ணனின் உபயம். அதைப் பார்த்துவிட்டு ஊரே கொல்லை வரப்பில் கூடியிருந்தது. பாஸ்கர் தம் பங்குக்கு, கல்யாண மண்டபத்தில் வைக்கும் பெரிய எல்.இ.டி. திரையை ஜெனரேட்டரோடு கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். ட்ரோன் பார்ப்பதை எல்லோரும் அதே நேரத்தில் பார்க்கலாமாம். நான் மறுத்திருக்க வேண்டும். மேகம் கறுத்துக்கொண்டு வந்ததால், எதையும் மறுக்க நேரமில்லை.

அலுவலர் மெலிந்த, மிருதுவாகப் பேசுகிற நடுவயதுக்காரர். பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குள் நடந்தார். மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். திரும்பி வந்து, "மேல விடுங்க பார்ப்போம்" என்றார்.

ட்ரோன் எழுந்தது. திரையில் அரண்மனை விரிந்தது. கூட்டத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செண்பகம் அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தப்புரத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன். கருவூலத்துக்கு வந்தேன். குளியல் தொட்டிகளுக்கு வந்தேன். அலுவலர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல போங்க" என்றார் பாஸ்கரிடம்.

படம் விரிந்தது. அரண்மனை அண்ணியின் கொல்லையோடு முடியவில்லை. வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் கொல்லைக்குள்ளும் அதே அளவு அறைகள் ஓடின.

"பெரிய அரண்மனை" என்றேன்.

"இன்னும் மேல."

அறைகள் அந்தக் கொல்லையையும் தாண்டின. தார்ச்சாலை வந்தது. சாலைக்கு அந்தப் பக்கமும் அறைகள். ஒரு மின்கம்பத்தை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு வரிசை இடப்பக்கம் திரும்பியது. சோழர்கள் மின்கம்பத்துக்கு ஏன் வழிவிட்டார்கள் என்ற கேள்வி எனக்குள் மெல்ல எழுந்தது.

"அந்த வரிசையோடவே போங்க" என்றார் அலுவலர்.

ட்ரோன் போயிற்று. கடலை பிடுங்கி முடித்த ஒரு வெற்றுக் கொல்லை வந்தது. அங்கே ஓர் அறை, அடுத்து ஓர் அறை, அடுத்து ஓர் அறை. கடைசி அறைக்குச் சுவர் இருந்தது. மூங்கில் படலால் ஆன சுவர். அந்த அறை நிறைய வெள்ளையும் பழுப்புமாக ஏதோ நெளிந்தது. பாஸ்கர், யாரும் கேட்காமலேயே, கல்யாணப் பெண்ணை நெருங்குவதைப் போல மெல்ல நெருங்கிக் காட்டினார்.

திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு செம்மறியாட்டின் முகம் அண்ணாந்து எங்களைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே அசைபோட்டது.



"கிடை" என்றார் யாரோ கூட்டத்தில், மெதுவாக.

கிடை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆடுகளை இரவில் கொல்லையில் படல் கட்டி அடைத்துவைத்து, காலையில் பனி காய்ந்த பிறகே மேய விடுவார்கள். விடிவதற்குள் அந்த இடம் முழுவதும் எருவாகிவிடும். மறுநாள் படலைப் பெயர்த்துப் பக்கத்தில் நடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்க ஒரு சந்து விடுவார்கள். அங்கே எரு விழாது. குட்டிகளை மட்டும் மூலையில் வட்டமான கூண்டில் அடைப்பார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். எரு விழுந்த இடத்தில் பயிர் செழிக்கும், விழாத சந்தில் வெளிறும் என்பதையும் யோசித்திருந்தால் சொல்லியிருப்பேன். யோசிக்கவில்லை. அண்ணியின் வீட்டு அடுப்படிக்கு நேராக மடைப்பள்ளி வந்ததில் எல்லோருமாக மயங்கிப் போயிருந்தோம்.

"அண்ணே, இந்தக் கொல்லையில கிடை போட்டீங்களா?" என்று மதியழகன் அண்ணனைக் கேட்டேன்.

"சித்திரையில போட்டமே. வருசா வருசம் போடறதுதான்."

"ஏண்ணே சொல்லல?"

"நீங்க கட்டடம் இருந்துச்சான்னு கேட்டீங்க தங்கச்சி. ஆடு படுத்துச்சான்னு கேக்கலையே." பாவம், அவருக்கும் அப்போதுதான் விஷயம் உறைத்தது. கருவூலம் இருந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் தரையில நின்னு பாக்கறவன். எனக்கு எங்க தெரியும், இது மேலேர்ந்து மாளிகையா இருக்கும்னு?"

நான் அலுவலரின் பக்கம் திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். "நீங்க படிச்ச விதம் சரிதாங்க. கோடு இருக்கு, கட்டம் இருக்கு. காலம்தான் கொஞ்சம் தள்ளிப் போச்சு" என்றார். பிறகு என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, "இதுவரைக்கும் ரெண்டு சவுக்குத் தோப்பு, ஒரு கோழிப்பண்ணை, ஒரு கைப்பந்து மைதானம்னு போய்ப் பாத்திருக்கேன். கிடை இதான் முதல் தடவை" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவும் திரையில் ஆடுகள் கலையவும் சரியாக இருந்தது. ட்ரோனின் ரீங்காரம் தலைக்கு மேல் நின்றுகொண்டே இருந்ததில் மிரண்டு, படலைச் சாய்த்துக்கொண்டு மந்தை முழுவதும் வெளியே பாய்ந்தது. அதன் பின்னால் கையில் கம்போடு கிடைக்காரர் ஓடுவதைப் பார்த்தோம். அவருடைய குரல் திரையில் வரவில்லை. நேராகவே காற்றில் வந்தது.

"யாருய்யா அது, ஆட்டு மேல வண்டு விடறது?"

மிரண்ட மந்தைக்கு எங்கள் பக்கம் பச்சையாகத் தெரிந்திருக்க வேண்டும். சாலையைக் கடந்து, வரப்பைத் தாண்டி, நேரே அண்ணியின் கடலைக் கொல்லைக்குள் நுழைந்தது. அரண்மனைக்கு உரியவர்கள் குடியேறிவிட்டார்கள். ஊரே ஆடு விரட்டியது. பாஸ்கர் கேமராப் பையை வீசினார். அலுவலர் வெறுங்காலோடு மடைப்பள்ளிக்குள் ஓடி இரண்டு ஆடுகளை மறித்தார். நான் அந்தப்புரத்தில் ஒரு கிடாவோடு கொஞ்ச நேரம் நேருக்கு நேர் நின்றேன். அது என்னை மதிக்கவில்லை. அன்றைய நிலையில் நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

கிடைக்காரர் வந்து ஒரு சத்தம் கொடுத்தார். மந்தை அப்படியே திரும்பி அவர் பின்னால் போயிற்று. அப்போதுதான் என் கையில் முதல் துளி விழுந்தது.

அண்ணி கொல்லையின் நடுவில் நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என்ன சொன்னாலும் தகும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆள் இல்லை, நடவுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. கடலை முத்திவிட்டது. மழை வந்துவிட்டது. மூன்றும் என்னால். (மழை என்னால் இல்லை என்று என் கணவர் பிறகு வாதாடினார். அந்தப் பெருமையையும் எனக்குத் தர அவருக்கு மனமில்லை.)

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். வரப்பில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அரமனை பாக்க வந்தீங்கல்ல? சும்மா நின்னு என்ன பாக்கறது. உள்ள வாங்க, ஆளுக்கு ஒரு ரூமு."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். அதற்குப் பிறகு ஊர் கொல்லைக்குள் இறங்கியது. பேனர் கூட்டி வந்த கூட்டம் வரிசை பிடித்துக் கடலை பிடுங்கத் தொடங்கியது. நானும் பிடுங்கினேன். என் வாழ்நாளில் முதல் முறை. செடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் காய் மண்ணுக்குள் தங்கிவிடும். அடியைப் பிடித்து ஆட்டி இழுக்க வேண்டும். அதைப் பக்கத்து வரிசையிலிருந்து அலுவலர் சொல்லித்தந்தார். அவருக்கு ஊரில் கடலைக் கொல்லை இருந்ததாம்.

தூறல் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. மழை எங்களுக்காகச் சற்று யோசித்தது என்றே சொல்ல வேண்டும். பிடுங்கிய கொடிகளைச் சுமந்து போய்ப் புது வீட்டின் கூடத்தில் கொட்டினோம். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு செருப்பு படாத டைல்ஸ் தரை, மூலைக்கு மூலை சேறாயிற்று. கூடம் நிறைந்தது, படுக்கையறை நிறைந்தது, வாசலில் ஒரு குவியல் மிஞ்சியது. மேலே போட எதுவும் இல்லை. மதியழகன் அண்ணன் ஒரு கணம் யோசித்தார். சாலைக்கு ஓடினார். திரும்பி வரும்போது அவர் தோளில் நான் சுருட்டப்பட்டிருந்தேன்.

குவியலின் மேல் பேனரை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். மழை இறங்கியது. வாசற்படியில் நின்று பார்த்தேன். கல்யாணப் புடவையில் சிரித்துக்கொண்டு, தோளருகில் யாருடையதென்று தெரியாத ஒரு கையோடு, கடலையின் மேல் மல்லாந்து கிடந்தேன். ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. வடக்கு வரிசையை எட்டும் முன்பே மழை வலுத்துவிட்டது. அது நான்கு நாள் விடாமல் பெய்தது. ஓய்ந்த பிறகு பிடுங்கிப் பார்த்தபோது, காய்களெல்லாம் வெள்ளை முளை விட்டிருந்தன. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அண்ணி முளைத்த காய் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப்புரம்தான் போச்சு" என்றார். "போவட்டும். அங்க எப்பவும் வம்புதான்."

அன்று மாலை அவித்த கடலையை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கருவூலத்துக் கடலை. உங்கண்ணன் ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டுத்தான் அவிக்கக் குடுத்தாரு" என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் ஒரு கடலையை உரித்து என் வாயில் வைத்து அந்த வாக்கியத்தை முடிக்கவிடாமல் செய்துவிட்டார். பிறகு, "படத்தை எனக்கும் ஒண்ணு குடு" என்றார். "கொல்லை மேலேர்ந்து இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கு எங்க தெரியும்?" அந்தப் படம் இன்றும் அவர் வீட்டு டிவிக்கு மேலே தொங்குகிறது.

அந்தக் கொல்லைக்கு அதற்கு முன் பெயர் கிடையாது. இப்போது அரண்மனைக் கொல்லை. சித்திரையில் கிடைக்காரர் வந்ததும் மதியழகன் அண்ணன், "இந்த வருசம் எத்தனை ரூமு கட்டப் போறே?" என்று கேட்பார். அவரும் சளைக்காமல், "டீச்சரம்மா வர்றாங்களா, சொல்லுங்க. ரெண்டு பாத்ரூம் சேத்துப் போடறேன்" என்பார். என் கணவர் எந்த விடுதியில் தங்கினாலும் அறைக்குள் நுழைந்ததும், "சோழர் காலத்துது" என்பார். நான் இன்னும் வானிலிருந்து எடுத்த படங்களை விரும்பிப் பார்க்கிறேன். ஏதாவது கோடு தெரிந்தால், முதலில் அண்ணிக்குப் போன் செய்து அந்தப் பக்கம் யார் கிடை போடுகிறார்கள் என்று விசாரிக்கிறேன்.

பேனர் இன்னும் கிழியவில்லை. வண்ணம் மட்டும் வெளுத்திருக்கிறது. அறிவுச்சுடரில் சுடர் அழிந்துவிட்டது. ஒவ்வோர் ஐப்பசியிலும், மேற்கே இருட்டிக்கொண்டு வரும் ஒரு மாலையில், அண்ணியிடமிருந்து போன் வரும்.

"கயலு, கடலை பிடுங்கியாச்சு. நீ ஒண்ணும் கவலைப்படாத. உன்னை எடுத்து மேல விரிச்சுட்டேன்."